‘மாசம் எவ்வளவு கட்டுவீங்க?’ என்று ஷோரூமில் கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: புது கார் வாங்கப் போகிறேன். மாடல், வேரியண்ட் எல்லாம் வீட்டில் பேசி முடிவாகிவிட்டது. ஷோரூமுக்குப் போனால் விலையைச் சொல்வதற்கு முன்பே, ‘மாசம் எவ்வளவு கட்ட முடியும்?’ என்று ஆரம்பிக்கிறார்கள். ‘விலையில் கை வைக்க முடியாது. 40,000-க்கு ஆக்சஸரீஸ் இலவசமாகத் தருகிறோம், பழைய வண்டிக்கு நல்ல விலை போடுகிறோம், இன்றைக்கே புக் பண்ணினால்தான் இந்த ஆஃபர்’ என்கிறார்கள். கையில் பணம் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்தால் குறைப்பார்களா? வட்டியில்லாக் கடன் என்று ஒன்று சொல்கிறார்களே, அதை எடுக்கலாமா? ஆண்டுக் கடைசி வரை காத்திருந்தால் லாபமா?

பதில்: நீங்கள் ஒரு கார் வாங்கப் போகிறீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது நான்கு வியாபாரம். புது வண்டியை விற்பது, உங்கள் பழைய வண்டியை வாங்குவது, கடன் பிடித்துக் கொடுப்பது, இன்சூரன்ஸ், வாரண்டி, ஆக்சஸரீஸ் என்று மேலே ஏற்றுவது. நான்கிலும் அவருக்கு வரும்படி உண்டு. நான்கையும் ஒரே பேச்சில் கலந்துவிட்டால், ஒன்றில் விட்டதை இன்னொன்றில் எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்குத் தெரியவே தெரியாது. மாதத் தவணை என்பது இந்த நான்கும் கரைந்து ஒரே எண்ணாகிவிடும் இடம். அதனால்தான் பேச்சை அங்கே ஆரம்பிக்கிறார்கள்.

தவணையை எவ்வளவு சுலபமாக ‘அட்ஜஸ்ட்’ செய்யலாம் என்று பாருங்கள். 1,00,000 கடன், ஆண்டுக்கு 10 சதவீத வட்டி, நிலுவை குறையக் குறைய வட்டியும் குறையும் முறை என்று வைத்துக்கொள்வோம். (இந்தப் பதிலில் வரும் எண்கள் எல்லாம் கணக்குக்காக மட்டுமே.) மூன்று ஆண்டுக்கு எடுத்தால் மாதம் 3,227. ஐந்து ஆண்டு என்றால் 2,125. ஏழு ஆண்டு என்றால் 1,660. உங்களுக்குக் கட்டுப்படியாகும் தொகைக்குள் வந்துவிட்டது என்று நினைப்பீர்கள். மூன்று ஆண்டில் நீங்கள் கட்டும் வட்டி ஏறக்குறைய 16,200. ஏழு ஆண்டில் 39,500. வண்டி விலை ஒரு காசு குறையவில்லை.

ஆகவே அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: ‘தவணையை அப்புறம் பார்த்துக்கலாம். இந்த வண்டி ரோட்டுக்கு வர மொத்தம் எவ்வளவு ஆகும்? பிரித்து எழுதிக் கொடுங்க.’ மறுபடியும் தவணைக்கே வந்தால் மறுபடியும் இதையே சொல்லுங்கள். சிலர் ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போட்டு, ஒன்றில் வண்டி விலை, ஒன்றில் பழைய வண்டி, ஒன்றில் முன்பணம், ஒன்றில் தவணை என்று எழுத ஆரம்பிப்பார்கள். விற்பனைப் பயிற்சியில் இது பழைய உத்தி. ஒரு கட்டத்தில் நீங்கள் முகம் சுளித்தால் பேச்சு இன்னொரு கட்டத்துக்குப் போகும். தாளைப் பார்த்துக்கொண்டே தலையாட்டாமல், முதல் கட்டம் முடியும்வரை மற்ற மூன்றையும் பேச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எழுதிக் கொடுத்த கொட்டேஷனை எப்படிப் படிப்பது என்பதுதான் இதில் பெரிய விஷயம். பார்வைக்கு இப்படி ஒரு தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

வண்டி விலை 10,00,000
அரசு வரி, பதிவுக் கட்டணம் 1,10,000
இன்சூரன்ஸ் 48,000
கூடுதல் வாரண்டி 22,000
அத்தியாவசிய கிட் 15,000
ஹேண்ட்லிங் (வண்டியைக் கையாளும் கட்டணம்) 9,500
பெயிண்ட் பாதுகாப்புப் பூச்சு 12,000
சிறப்புத் தள்ளுபடி (கழிக்க) 25,000
மொத்தம் 11,91,500

பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் ‘பணம் யாருக்குப் போகிறது?’ என்று எழுதுங்கள். வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்கு. அதில் பேச ஒன்றுமில்லை, ஆனால் ரசீதில் இருக்கும் தொகையும் தாளில் இருக்கும் தொகையும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். சில்லறையாக மேலே தூக்கிப் போடும் பழக்கம் இங்கே உண்டு. வண்டி விலையில் பெரும்பங்கு கம்பெனிக்கு, ஒரு சிறு பங்கு டீலருக்கு. மீதி இருக்கும் எல்லா வரிசைகளிலும் டீலருக்கு நல்ல பங்கு உண்டு. இப்போது கிட், ஹேண்ட்லிங், பூச்சு மூன்றையும் கூட்டுங்கள்: 36,500. உங்களுக்குக் கொடுத்த ‘சிறப்புத் தள்ளுபடி’ 25,000. தள்ளுபடியைத் திருப்பி எடுத்துக்கொண்டு மேற்கொண்டு 11,500-ம் வாங்கிவிட்டார்கள். ‘25,000 குறைத்தார்கள்’ என்று வீட்டில் சொல்வீர்கள்.

தள்ளுபடி என்றால் எதிலிருந்து என்ற கேள்வியும் சேர்ந்தே வரவேண்டும். விலையை முதலில் தாங்களே ஏற்றி, பிறகு பெருந்தன்மையாகக் குறைப்பது இந்தத் தொழிலில் எவ்வளவு பழசு என்றால், கம்பெனி நிர்ணயித்த விலையை ஒவ்வொரு புது வண்டியின் கண்ணாடியிலும் ஒட்டியே ஆகவேண்டும் என்று அமெரிக்காவில் 1958-லேயே சட்டம் போட வேண்டியிருந்தது. நீங்கள் எங்கிருந்தாலும் செய்யக்கூடியது, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அன்றைய தேதி விலையை எடுத்து வைத்துக்கொண்டு, கொட்டேஷனின் முதல் வரியோடு ஒப்பிடுவது. அந்தத் தளத்திலேயே அந்த மாத ஆஃபரும் போட்டிருக்கும். அது கம்பெனி கொடுக்கும் பணம். எந்த டீலரிடம் போனாலும் கிடைக்கும். டீலர் தன் கையிலிருந்து எவ்வளவு கொடுக்கிறார் என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

இனி அவர் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். டீலருக்குப் புது வண்டியில் ஒரு மார்ஜின் உண்டு, அது சின்னது. பெரிய பணம் இலக்கு போனஸில் வருகிறது. ஒரு காலாண்டில் 100 வண்டி விற்றால் ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவு என்று கம்பெனி வைத்திருக்கும். பல திட்டங்களில் அந்தப் போனஸ் 100-ஐத் தொட்டால்தான் வரும். தொட்டுவிட்டால் முதல் வண்டியிலிருந்து கணக்காகும். 97-ல் நிற்கும் டீலருக்கு அடுத்த மூன்று வண்டியை நஷ்டத்துக்கு விற்றாலும் லாபம். அதே நேரத்தில் 60-ல் நிற்பவருக்கும், 105-ஐத் தாண்டிவிட்டவருக்கும் உங்கள் மேல் எந்த அவசரமும் இருக்காது. இதுபோக, யார்டில் நிற்கும் வண்டிகளுக்குப் பெரும்பாலான டீலர்கள் கடன் வாங்கித்தான் பணம் கட்டியிருப்பார்கள். நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வட்டி ஓடும். மூன்று மாதமாக நகராத வண்டி அவருக்குத் தலைவலி.

மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி, ஆண்டுக் கடைசி என்று சொல்வதற்கெல்லாம் காரணம் இதுதான். ஆனால் எந்த டீலர் 97-ல் நிற்கிறார் என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அந்தக் கடைசி வாரத்தில் நாலைந்து டீலர்களிடம் ஒரே நேரத்தில் விலை கேட்பது. ஒரே டீலரிடம் கடைசித் தேதியில் போய் நிற்பதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. இன்னொன்று: போனஸ் கணக்கு பெரும்பாலும் இன்வாய்ஸ் அல்லது பதிவு தேதியை வைத்துத்தான், புக்கிங் தேதியை வைத்து அல்ல. 30-ஆம் தேதி சாயங்காலம் போய் ‘லோன் இனிமேல்தான் பார்க்கணும்’ என்றால் அவருக்கு உங்களால் பயனில்லை. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, கடன் ஒப்புதல் எல்லாம் தயாராக, 20-ஆம் தேதிவாக்கில் பேச்சை ஆரம்பியுங்கள்.

ஷோரூமுக்கு நேரில் போவது வண்டியை ஓட்டிப் பார்க்க. விலை பேச்சு எழுத்தில். இது என் தனிப்பட்ட ருசி அல்ல. இயன் அயர்ஸ், பீட்டர் சீகல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் சிகாகோ பகுதி ஷோரூம்களுக்கு ஒரே மாதிரி பேசப் பயிற்சி கொடுத்த ஆட்களை அனுப்பிப் பார்த்து, 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். பேசிய வசனம் ஒன்றே. வெள்ளைக்கார ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அதிகம் சொன்னார்கள். முகத்தைப் பார்த்து விலை வைப்பது எல்லா ஊரிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். கைப்பேசியில் வரும் நாலு வரிக்கு முகம் இல்லை. நேரில் இன்னொரு பாதகமும் உண்டு: ‘மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன்’ என்று உள்ளே போனவர் இருபது நிமிடம் கழித்து வருவார். அந்த இருபது நிமிடத்தில் உங்கள் பிள்ளைகள் அந்த வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள்.

எழுத வேண்டியது நீளமாக இருக்க வேண்டாம். மாடல், வேரியண்ட், எரிபொருள், கியர் வகை எல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நாலு கொட்டேஷனும் நாலு வெவ்வேறு வண்டிக்கு வரும், ஒப்பிட முடியாது. இந்த மாதிரி:

‘வணக்கம். மேலே குறிப்பிட்ட வேரியண்ட் வாங்கப் போகிறேன். நிறம் வெள்ளை அல்லது சாம்பல். வரும் 28-ஆம் தேதிக்குள் இன்வாய்ஸ் போடத் தயார். நான்கு டீலர்களிடம் கேட்டிருக்கிறேன். கீழ்க்கண்டவற்றைத் தனித்தனியாக எழுதி அனுப்பவும்: வண்டி விலை, கம்பெனி ஆஃபர், உங்கள் தள்ளுபடி, அரசு வரியும் பதிவும், உங்கள் பிற கட்டணங்கள் ஒவ்வொன்றும், வண்டி தயாரான மாதமும் ஆண்டும், கையில் ஸ்டாக் உள்ளதா, இந்த விலை எந்தத் தேதி வரை செல்லும். இன்சூரன்ஸ், கடன், பழைய வண்டி மூன்றையும் இப்போது சேர்க்க வேண்டாம்.’

இரண்டு நிறம் சொன்னது காரணமாகத்தான். ஒரே நிறத்தில் பிடிவாதமாக இருந்தால் ஸ்டாக் உள்ள டீலர்கள் பாதியாகக் குறைந்துபோவார்கள். நிறத்தில் நீங்கள் கொஞ்சம் வளைந்தால் விலையில் அவர் வளைவார்.

சிலர் பதிலே போடமாட்டார்கள். சிலர் ‘நேரில் வாங்க, பெஸ்ட் பிரைஸ் தர்றோம்’ என்பார்கள். எழுதித் தந்தால் வருகிறேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். மூன்று ஒழுங்கான பதில் வந்தாலே போதும். அதில் குறைந்ததை எடுத்து மற்ற இருவருக்கும், ‘மொத்தம் இவ்வளவுக்குக் கிடைக்கிறது, இதைவிடக் குறைக்க முடியுமா?’ என்று ஒரே ஒரு சுற்று கேளுங்கள். வராத கொட்டேஷனை வந்ததாகச் சொல்ல வேண்டாம். ஒரே கம்பெனி டீலர்களுக்குள் யார் எவ்வளவுக்கு விற்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பொய் பிடிபட்டால் அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள். மூன்று, நான்கு சுற்று என்று இழுத்தாலும் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். இணையவழி விலை கேட்டு வாங்கியவர்களைப் பற்றி அந்த வசதி புதிதாக வந்த காலத்தில் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றில், அவர்கள் சராசரியாக 2 சதவீதம் அளவுக்குக் குறைவாகக் கொடுத்தார்கள் என்று தெரிந்தது. சின்ன எண்தான். ஆனால் 10,00,000-க்கு 20,000. செலவு ஒரு சாயங்காலம்.

குறைந்த விலை வந்தவுடன் குதிக்காமல் அந்த வண்டி எப்போது செய்யப்பட்டது என்று பாருங்கள். பழைய ஸ்டாக்கைத்தான் அதிகம் குறைத்துத் தள்ளுவார்கள். சேசிஸ் நம்பர் என்று நாம் சொல்லும் அடையாள எண் 17 எழுத்து. எண்ணோடு குழம்பக்கூடாது என்பதற்காக ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் வராது. பல கம்பெனிகள் பத்தாவது எழுத்தில் மாடல் ஆண்டைக் குறிக்கின்றன: 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ். எல்லாக் கம்பெனியும் இந்த இடத்தையே பயன்படுத்துவதில்லை. மாடல் ஆண்டும் தயாரிப்பு ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. அதனால் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் கம்பெனித் தகட்டையும் பாருங்கள். பிறகு டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3625 என்றால் 2025-ஆம் ஆண்டின் 36-ஆவது வாரம் செய்த டயர். ஒரு வண்டியின் ஐந்து டயரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் வெகுவாகப் புதிதாக இருந்தால் அது ஏன் மாறியது என்று கேட்கத்தான் வேண்டும்.

போன ஆண்டு வண்டியை இந்த ஆண்டு வாங்குவது தப்பில்லை. அதற்கு ஏற்ற தள்ளுபடி வேண்டும். நாளைக்கு விற்கும்போது வாங்குபவர் ஆண்டைத்தான் பார்ப்பார், நீங்கள் வாங்கிய தேதியை அல்ல. டிசம்பரில் செய்ததை ஜனவரியில் வாங்கினால், ஷோரூமை விட்டு வெளியே வரும்போதே வண்டிக்குத் தாளில் ஒரு வயது. நியாயமான தள்ளுபடி எவ்வளவு என்று தெரிய, அதே மாடலில் நாலு வயது வண்டிக்கும் ஐந்து வயது வண்டிக்கும் பழைய கார் சந்தையில் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். அதற்குக் கீழே இருந்தால் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வருஷம் வைத்து ஓட்டுவேன் என்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகப் படாது; அவர் தாராளமாகப் பழைய ஸ்டாக்கைத் தேடிப் போகலாம். ஆண்டுக் கடைசி வரை காத்திருக்கலாமா என்று கேட்டீர்களே, அதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது: நாலைந்து வருடத்தில் மாற்றும் பழக்கம் உள்ளவருக்கு டிசம்பர் தள்ளுபடியில் பாதி கண்துடைப்பு. அதுவரை இப்போது ஓடும் வண்டி கைவிட்டால் வரும் வாடகைக் கார் செலவையும் காத்திருப்பின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். யார்டில் வெகுநாள் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கலாம், டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகியிருக்கலாம். பிரேக் தட்டில் லேசான துரு சகஜம், ஓட்டினால் போய்விடும்.

பழைய வண்டிக்கு வருவோம். புது வண்டி விலை எழுத்தில் வரும்வரை பழைய வண்டி இருப்பதையே சொல்ல வேண்டாம். அதற்குள் வெளியில் இரண்டு மூன்று இடத்தில் காட்டி விலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ், அதாவது பழைய வண்டியைக் கொடுத்துப் புதுசு எடுப்பவருக்கு மேற்கொண்டு தரும் தொகை, பெரும்பாலும் கம்பெனி கொடுக்கும் பணம். டீலர் அதைத் தான் கொடுப்பதுபோலக் காட்டி வண்டி மதிப்பைக் குறைத்துவிடுவார். வெளியில் 2,00,000-க்கு வாங்கக் கேட்கிறார்கள், டீலர் 1,70,000-ம் போனஸ் 25,000-ம் தருகிறார் என்றால் அவர் கொடுப்பது 1,95,000. வெளியில் விற்றால் 5,000 கூட. ஆனால் பெயர் மாற்றம் முடியும்வரை வண்டியின் பொறுப்பு உங்கள் தலையில் இருக்கும். அந்த 5,000-க்காக முன்பின் தெரியாத ஒருவரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அலைவதைவிட டீலரிடமே விடலாம். வித்தியாசம் 25,000, 30,000 என்றால் யோசிக்க வேண்டியதில்லை, வெளியில் விற்றுவிடுங்கள். சில நாடுகளில், மாநிலங்களில் பழைய வண்டி மதிப்பைக் கழித்த மீதிக்குத்தான் புது வண்டிக்கு வரி. அங்கே கணக்கு டீலர் பக்கம் சாயும்.

ரொக்கம் கொடுத்தால் குறைப்பார்களா என்றால், பெரும்பாலும் மாட்டார்கள். கடன் வாங்கித் தந்தால் டீலருக்குக் கமிஷன் உண்டு. ரொக்கக்காரரால் அது போய்விடுகிறது. சில ஆஃபர்களே கம்பெனியின் கடன் நிறுவனத்தில் கடன் எடுத்தால்தான் என்று கட்டிவைத்திருக்கும். ஆகவே ஆரம்பத்திலேயே ‘கையில பணம் இருக்கு’ என்று சொல்லாதீர்கள். கேட்டால் ‘விலை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ போதும். அதில் பொய்யும் இல்லை. கடன் தேவைப்படுபவர் முதலில் தன் சொந்த வங்கியில் ஒப்புதல் வாங்கி, வட்டி விகிதத்தை எழுத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டும். டீலர் சொல்லும் வட்டியும் ஒரு விலைதான், அதிலும் பேசலாம். வட்டியைக் கூட்டினால் டீலருக்குக் கமிஷன் கூடும் என்ற ஏற்பாட்டை பிரிட்டனில் நிதித்துறைக் கண்காணிப்பு ஆணையம் 2021 ஜனவரியில் தடை செய்தது. தடை இல்லாத இடங்களில் அந்த ஆசை டீலருக்கு இருக்கத்தான் செய்யும்.

ஃப்ளாட் வட்டி என்று காதில் விழுந்தால் உஷாராகுங்கள். 7 சதவீத ஃப்ளாட், ஐந்து ஆண்டு என்றால், முதலில் வாங்கிய முழுத்தொகைக்கும் ஐந்து ஆண்டும் வட்டி. 1,00,000-க்கு 35,000 வட்டி, மாதம் 2,250. குறையும் நிலுவை முறையில் இது 12.5 சதவீதத்துக்குச் சமம். வங்கி 10 சொன்னது, இவர் 7 சொன்னார் என்று இவரிடம் எடுத்தால் ஏமாந்தோம்.

வட்டியில்லாக் கடனை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அது சில சமயம் நிஜமாகவே நல்லது. அந்த வட்டியைக் கம்பெனி உங்களுக்காகக் கட்டுகிறது. பதிலுக்கு ரொக்கத் தள்ளுபடியைக் கொடுக்காது. இரண்டில் ஒன்றுதான். 8,00,000-ஐ மூன்று ஆண்டுக்கு வட்டியில்லாமல் தந்தால் மாதம் 22,222. வெளியில் உங்களுக்கு 10 சதவீதத்துக்குத்தான் கடன் கிடைக்கும் என்றால், இந்தச் சலுகையின் மதிப்பு ஏறக்குறைய 1,11,000. அதாவது ரொக்கத் தள்ளுபடி அதற்கு மேல் இருந்தால் தள்ளுபடியை வாங்கிக்கொண்டு வெளியில் கடன் எடுங்கள். 60,000 தள்ளுபடிதான் என்றால் வட்டியில்லாக் கடன்தான் லாபம். உங்களைப்போல் கையில் பணம் உள்ளவர் 10 சதவீதத்தைப் போட்டுப் பார்க்கக் கூடாது. அந்தப் பணம் வங்கியில் கிடந்தால் வரி போக என்ன வட்டி தருமோ அதைப் போடுங்கள். 5 சதவீதம் என்றால் சலுகையின் மதிப்பு சுமார் 58,500 ஆகிவிடும். அப்போது அதே 60,000 தள்ளுபடி கொஞ்சம் மேல். பிராசஸிங் கட்டணம் என்று 15,000 பிடித்தால் அது வட்டியின் இன்னொரு பெயர். கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். கடன் எடுத்தால்தான் தள்ளுபடி என்றால், எடுத்துவிட்டுச் சீக்கிரம் அடைக்கலாமா, அடைத்தால் அபராதம் எவ்வளவு, தள்ளுபடியைத் திருப்பிக் கேட்பார்களா என்று ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள்.

40,000 ஆக்சஸரீஸ் இலவசம் என்பது பட்டியல் விலை 40,000. டீலருக்கு அது பாதிக்கும் கீழே அடங்கலாம். ‘அது வேண்டாம், அதுக்குப் பதிலா விலையில 20,000 கழிங்க’ என்று கேளுங்கள். சரி என்றால் மிதியடி, சீட் கவரை வெளியில் வாங்கிக்கொள்ளலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால், பட்டியலிலிருந்து உங்களுக்கு உபயோகமானதை நீங்களே தேர்ந்தெடுத்து, பெயரோடு எழுதி வாங்குங்கள். ‘கிட்’ என்று ஒற்றைச் சொல்லில் விட்டால் டெலிவரி அன்று ஒரு வாசனைக் குப்பியும் சாவிக்கொத்தும் வரும். வயரை வெட்டி இணைக்கும் விளக்கு, ஹாரன், சவுண்ட் சிஸ்டம் எதையும் இலவசமானாலும் மாட்டவிடாதீர்கள். மின்சாரப் பகுதியில் கோளாறு வந்தால் அதைக் காட்டி வாரண்டியை மறுப்பார்கள். வயரை வெட்டாமல் கப்ளரில் (வண்டியிலேயே இருக்கும் இணைப்பில்) நேரடியாகச் செருகுவதாக இருந்தால் சரி. பெயிண்ட் பூச்சும் அடிப்பாகப் பூச்சும் புது வண்டிக்கு அவசரமே இல்லை. அடிப்பாகத்தில் கண்டபடி அடித்தால் நீர் வடியும் துளைகள் அடைபட்டு, தடுக்க வந்த துருவுக்கே வழியாகிவிடும். கூடுதல் வாரண்டி உபயோகமானதுதான், ஆனால் பெரும்பாலான கம்பெனிகளில் அசல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். தருவது கம்பெனியா, வெளி நிறுவனமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸை வெளியில் விசாரித்தால் பெரும்பாலும் குறையும். ஒப்பிடும்போது காப்பீட்டு மதிப்பு, நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, கூடுதல் கவர்கள் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். காப்பீட்டு மதிப்பைக் குறைத்துப் போட்டு ‘பிரீமியம் குறைச்சிட்டோம்’ என்று காட்டுவது சுலபமான தந்திரம். வெளி விலையைக் காட்டினால் டீலரே இறங்கி வருவதும் உண்டு. இறங்கினால் அவரிடமே எடுக்கலாம், கிளெய்ம் நேரத்தில் அலைச்சல் குறையும்.

காத்திருப்புப் பட்டியல் உள்ள வண்டி என்றால் இந்தப் பேரமெல்லாம் எடுபடாது. விலை நிர்ணயமான கம்பெனிகளிலும் அப்படித்தான். டெஸ்லா மாதிரி நேரடியாக விற்பவர்களிடம் டீலரே இல்லை, கேட்டால் தயாராக நிற்கும் ஸ்டாக் வண்டிகளில் ஏதாவது குறைவாக இருக்கலாம். இந்த மாதிரி வண்டியில் செய்யக்கூடியது, பட்டியல் விலைக்கு மேல் ஒரு காசு தராமல், திணிக்கும் கிட், ஹேண்ட்லிங், பூச்சு மூன்றையும் மறுப்பதுதான். மேலே பார்த்த தாளில் அதுவே 36,500. ‘கிட் எடுத்தால் சீக்கிரம் டெலிவரி’ என்றால் அடுத்த டீலரைக் கேளுங்கள்.

‘இன்றைக்கே’ என்பதைப் பற்றி: கம்பெனி ஆஃபர் மாதக் கடைசி வரை இருக்கும், டீலர் தள்ளுபடி அவர் இலக்கு இருக்கும்வரை இருக்கும். உண்மையிலேயே அன்றோடு முடிவது அபூர்வம். ‘எழுதி, தேதி போட்டுக் கொடுங்க’ என்றால் பெரும்பாலும் கூட இரண்டு நாள் முளைத்துவிடும்.

புக்கிங் படிவத்தில் கையெழுத்திடும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘டெலிவரி நாளில் அமலில் உள்ள விலை பொருந்தும்’ என்ற வரி பெரும்பாலும் அங்கே இருக்கும். நீங்கள் பேசி முடித்த விலையை அந்த ஒரு வரி அடித்துவிடும். முன்பக்கத்தில் மொத்தத் தொகை, வேரியண்ட், நிறம், தயாரிப்பு ஆண்டு, டெலிவரி தேதி, ரத்து செய்தால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்பதைக் கையால் எழுதச் சொல்லி மேனேஜரிடம் கையெழுத்து வாங்குங்கள். சேல்ஸ்மேன் வாய்வார்த்தை அவர் அந்த வேலையில் இருக்கும்வரைதான். பணம் எதுவானாலும் டீலர் நிறுவனத்தின் கணக்குக்கு மட்டும். தனிநபர் கணக்குக்கோ கையிலோ வேண்டாம்.

முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன் உங்களுக்கென்று ஒதுக்கிய வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேசிஸ் நம்பர் இன்வாய்ஸில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது, இரண்டு சாவி இருக்கிறதா. சில நூறு கிலோமீட்டர் காட்டினால் அது டெமோ வண்டியாக, அதாவது வருகிறவர்கள் ஓட்டிப் பார்க்க வைத்திருந்த வண்டியாக இருந்திருக்கலாம். டெமோ வண்டிக்கு டெமோ விலை உண்டு. பதிவு ஆனபின் குறை சொன்னால் மாற்றித் தரமாட்டார்கள், சரிசெய்துதான் தருவார்கள். அன்றைக்கு மொத்தத்தில் ஏதாவது கூடியிருந்தால், தாளின் எந்த வரிசையில் என்று கேளுங்கள். அரசு வரி ஏறியிருந்தால் ஆணை இருக்கும். ‘கம்பெனி ஏத்திட்டாங்க’ என்றால், தேதியோடு உள்ள கம்பெனிச் சுற்றறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்; காட்டாவிட்டால் படிவத்தில் உள்ள தொகையைத்தான் கட்டுவேன் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.